அந்த மூன்று எண்களைப் பற்றி

காட்பாடி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் ரத்தச் சர்க்கரை ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அப்புறம் 212, மறுநாள் வெறும் வயிற்றில் 148, அன்றைக்குச் சாயங்காலம் 66. இதை அனுப்பிவிட்டு, "ஒரு நிலையில நிக்கவே மாட்டேங்குது, இனிமே பார்க்கவே போறதில்ல" என்று எழுதியிருந்தாய். பார்ப்பதை மட்டும் நிறுத்திவிடாதேடா. உன் ஆயா காலத்தில் சிறுநீரை பெனடிக்ட் கரைசலில் காய்ச்சி நிறம் பார்ப்பார்கள். நீலம் என்றால் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம், செங்கல் நிறம் வந்தால் ரொம்ப அதிகம். ரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை தெரியும். அதனால் சர்க்கரை இறங்கிப் போனதை அதில் கண்டுபிடிக்கவே முடியாது. உனக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடுகிறது.

நீ 212-ஐப் பார்த்துப் பயந்திருக்கிறாய். எனக்குப் பயம் 66-தான். ஏறிய சர்க்கரை வருஷக்கணக்கில் கெடுக்கும், இறங்கிய சர்க்கரை அன்றைக்கே ஆளைச் சாய்த்துவிடும். 70-க்குக் கீழே போனாலே லோ சுகர். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடி. 15 நிமிஷம் கழித்து மறுபடி பார், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடி. ஏறிய பிறகு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நடுக்கத்தோடு வண்டி எடுக்காதே. கூடத் தங்கியிருக்கும் பையனிடமும் சொல்லி வை: நீ மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

66 ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். நீ போடும் கிளிமிபிரைடு மாத்திரை, நீ சாப்பிட்டாயா இல்லையா என்று பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். மாத்திரையைப் போட்டுவிட்டு ஷிப்ட் அவசரத்தில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வேறென்ன வரும்? ஷிப்ட் மாறி மாறி வருவதை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லு. நீயாக மாத்திரையைப் பாதியாக்காதே.

காலை 148-க்கு நீ ராத்திரி சாப்பிட்டது மட்டும் காரணமாக இருக்காது. விடியற்காலையில் கார்ட்டிசால் மாதிரி ஹார்மோன்கள் சுரக்கும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடும். எல்லோருக்கும் நடப்பதுதான், நமக்கு அதை அடக்க இன்சுலின் போதாது. ராத்திரி பட்டினி கிடந்து இதைச் சரிசெய்யப் பார்க்காதே. தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும், மனசு சரியில்லாவிட்டாலும் ஏறும்.

ஆம்பூருக்குப் போய் பிரியாணி சாப்பிடாதே என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் முதலில் வெங்காயப் பச்சடியும் கறியும் சாப்பிடு, சோறு கடைசியில், அதுவும் பாதி. அப்புறம் பத்து பதினைந்து நிமிஷம் நட. பிரியாணியில் கொழுப்பு அதிகம், அதனால் சர்க்கரை இரண்டு மணி நேரத்தில் அடங்கியிருப்பது போலக் காட்டிவிட்டு அதற்கப்புறமும் ஏறலாம். ஆற்காடு மக்கன் பேடாவை மட்டும் கொஞ்சம் தள்ளி வை. கோவாவையும் மைதாவையும் பிசைந்து பொரித்துப் பாகில் ஊறப்போட்டது, ஒன்றே அதிகம். ஆசையாக இருந்தால் வீட்டுக்கு வரும்போது நாம் ஆளுக்குப் பாதி.

இன்னொன்று, மாம்பழம் தின்ற கையோடு விரலைக் குத்தினால் மெஷின் பொய் சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார். ஸ்ட்ரிப் டப்பாவை வண்டிப் பெட்டியில் வெயிலில் விடாதே. இங்கே கத்திரி வெயிலில் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றால் என் இன்சுலினுக்காக நான் படும் பாடு உனக்கே தெரியும்.

ஒரு நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் நேரம், சாப்பிட்டது, மாத்திரை, தூக்கம் எல்லாம் எழுது. மூன்று மாதச் சராசரிக்கு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பெரும்பாலோருக்கு அது 7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் 66-ம் 212-ம் கலந்து வந்த சராசரி அழகாகத்தான் தெரியும். டாக்டரிடம் போகும்போது நோட்டையும் கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எனக்கும் அதைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா