தண்ணீர்க் கட்டணமும் குழாய் இல்லாத வீடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் நாடுகளின் நகரங்களில் குடிநீர், கழிவுநீர் சேவையைத் தனியாரிடம் விடலாமா கூடாதா என்று தங்கள் பத்திரிகையில் வாசகர்கள் மாறி மாறி எழுதுவதைப் படித்து வருகிறேன். தனியார் கூடாது என்பவர்கள் பொலிவியாவின் கொச்சபம்பாவைக் காட்டுகிறார்கள், விடலாம் என்பவர்கள் பிலிப்பைன்ஸின் மணிலாவைக் காட்டுகிறார்கள். இரண்டு தரப்புமே தனக்குத் தோதான இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறது.

கொச்சபம்பாவில் 1999-இல் குடிநீர் தனியாருக்குப் போனது, கட்டணம் எகிறியது, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், 2000 ஏப்ரலில் அரசு ஒப்பந்தத்தைக் கைவிட்டது. இது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் என்ன ஆனது? நிர்வாகம் பழையபடி பொதுத்துறைக்கே வந்தது. ஆனால் ஊரின் தெற்குப் புறநகரில் குழாயே இல்லாமல் கிடந்தவர்களில் பெரும்பாலோர் பல வருடம் கழித்தும் லாரித் தண்ணீரைத்தான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மணிலாவில் 1997-இல் நகரத்தைக் கிழக்கு மேற்கு என்று பிரித்து இரண்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். கிழக்குப் பகுதியில் அறுபது சதவீதத்துக்கு மேல் வீணாகிக்கொண்டிருந்த தண்ணீரைக் காலப்போக்கில் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைத்துவிட்டார்கள். அரசு வாரியத்தின் பழைய டாலர் கடனில் பெரும்பங்கைத் தலையில் வாங்கிக்கொண்ட மேற்குப் பகுதி நிறுவனமோ ஆசிய நிதி நெருக்கடியில் நொடித்துப்போய்க் கடைசியில் கைமாறியது. ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டுமே தனியார். இதில் எதை எடுத்து எதை நிரூபிப்பது?

என்னைக் கேட்டால் பார்க்க வேண்டிய ஊர் கம்போடியாவின் நோம் பென். போரில் சிதைந்து கிடந்த நகரம் அது. 1993-இல் எக் சொன் சான் என்ற பொறியாளர் அங்கே குடிநீர் வாரியத்துக்குத் தலைவராக வந்தபோது, சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் காசு வரவில்லை. பேரேட்டில் பெயர் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு உண்மையில் குழாயே கிடையாது. குழாய் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பேரேட்டில் பெயர் கிடையாது. ஊழியர்களே திருட்டு இணைப்பு கொடுத்துச் சம்பாதித்தார்கள். மீட்டர் மாட்டப் போன இடத்தில் ஒரு ராணுவ அதிகாரி இவர் மேலேயே துப்பாக்கியை நீட்டியதாகவும், இவர் ஆயுதம் ஏந்திய போலீசோடு திரும்பிப் போய் அந்த வீட்டு இணைப்பைத் துண்டித்ததாகவும் சொல்வார்கள். பிறகு அரசு அலுவலகங்களும் பில் கட்ட ஆரம்பித்தன. பெரிய மனிதர்கள் கட்டாத ஊரில் சாதாரண ஆள் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

பதினைந்து வருடத்துக்குள் அந்த 72 சதவீத இழப்பு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, தண்ணீர் 24 மணி நேரமும் வந்தது, ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது, சிலருக்கு முழுக் கட்டணமுமே தள்ளுபடி. கட்டணத்தை மூன்று படியாக உயர்த்தத் திட்டம் போட்டிருந்தார்கள். வசூல் ஒழுங்கானதும் மூன்றாவது உயர்வுக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது. வெளிநாட்டு உதவிப் பணமும் பிரதமரின் ஆதரவும் இருந்தன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அதே மாதிரிப் பணத்தை வாங்கிப் புதுக் குழாயாகப் புதைத்துவிட்டு, பத்து வருடத்தில் மறுபடியும் கையேந்திய ஊர்களும் உண்டு. நோம் பென் வாரியத்துக்கு 1996-லேயே தன் வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளவும், ஆட்களைத் தானே எடுக்கவும், தேவைப்பட்டால் நீக்கவும் உரிமை கொடுத்தார்கள். பெரும்பங்கு அரசிடமே இருக்கும் நிறுவனமாகவே அது தொடர்ந்தது.

இப்போது கட்டண விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நம் வாசகர்கள் பலரோடு நான் முரண்படுகிறேன். கட்டணத்தை மிகவும் மலிவாக வைத்தால் ஏழைக்கு நல்லது என்கிறார்கள். அந்தச் சலுகை யாருக்குப் போகிறது? வீட்டுக்குள் குழாய் இருப்பவருக்கு. வாரியத்திடம் காசு இல்லாததால் புதிய தெருவுக்கு மெயின் குழாய் போகாது. அந்தத் தெருக்காரர் குடம் கணக்கில், லாரி கணக்கில் வாங்குகிறார், லிட்டருக்குக் கணக்குப் போட்டால் பங்களாக்காரரைவிடப் பல மடங்கு கொடுக்கிறார். போதாக்குறைக்கு ஒரே இணைப்பை நாலைந்து குடும்பம் பகிர்ந்துகொண்டால், தண்ணீர் கூடக் கூட லிட்டர் விலையும் கூடும் கட்டண முறையில், அதிகம் செலவழிக்கும் வீடு என்று மீட்டர் அவர்களை மேல் விகிதத்துக்குத் தள்ளிவிடுகிறது. இணைப்பு வேண்டுமென்றால் மனைப் பத்திரத்தைக் கேட்கிறார்கள், குடிசைப் பகுதியில் பத்திரத்துக்கு எங்கே போவது? மணிலாவின் கிழக்குப் பகுதியில் அந்த நிபந்தனையைத் தளர்த்திய பிறகுதான் குழாய் அங்கே நுழைந்தது.

அப்புறம் இந்த நேரம் வைத்து விடும் தண்ணீர். நாளைக்கு இரண்டு மணி நேரம் விட்டால் சிக்கனம் என்று நினைப்பவர்கள் குழாய்க்குள் நடப்பதை யோசிப்பதில்லை. தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும், ஆளாளுக்கு மோட்டாரை நேரே குழாயில் போட்டு இழுப்பார்கள், பக்கத்துச் சாக்கடையில் ஊறிக்கிடப்பது விரிசல் வழியாக உள்ளே வரும். சுத்திகரிப்பு நிலையத்தில் கண்ணாடி போல இருந்தது வீட்டுக்குள் வயிற்றுப்போக்காக வந்து சேர்கிறது. இதற்காக ஒவ்வொரு வீடும் தரைத்தொட்டி, மோட்டார், மாடித்தொட்டி, வடிகட்டி என்று செலவழிக்கிறது. தண்ணீர் மலிவு என்று சொல்லும்போது இந்தச் செலவை யாரும் கூட்டுவதில்லை.

ஒழுகலைக் கண்டுபிடிப்பதும் ஒன்றும் மந்திரவித்தை இல்லை. ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரை ஒரே மீட்டர் வழியாக விட்டு, ஊரே தூங்கும் இரண்டு மணி வாக்கில் அதைப் பார்க்க வேண்டும். அந்நேரம் யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை, ஆனாலும் முள் வேகமாக ஓடினால் பெரும்பாலும் கசிவுதான். பிறகு வால்வை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து எந்தத் தெரு என்று பிடித்து, இரும்புக் கம்பியை வால்வில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால், சலசலப்பு எந்தப் பக்கம் என்று பழகிய ஆள் சொல்லிவிடுவார். ராத்திரி வேலை, பெயரும் வராது. இதற்குத் திறப்பு விழாக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதால்தானோ என்னவோ, பணமெல்லாம் புதிய அணைக்கும் புதிய ராட்சதக் குழாய்க்கும் போகிறது. ஓட்டைக் குடத்தை அடைக்காமல் இன்னொரு கிணறு வெட்டுகிறோம்.

கழிவுநீர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023-இல் தந்த கணக்குப்படி பாதுகாப்பான குடிநீர் ஏற்பாடு இல்லாதவர்கள் 220 கோடி, பாதுகாப்பான கழிப்பிட ஏற்பாடு இல்லாதவர்கள் 350 கோடி. சுத்திகரிப்பு நிலையத்தை முதலில் கட்டிவிட்டு, வீட்டிலிருந்து அதுவரை குழாய் போட மறந்த ஊர்கள் எத்தனையோ. கராச்சியின் ஒராங்கி பகுதியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முயற்சியில், சந்துக்குச் சந்து மக்களே காசு போட்டுச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள், பெரிய வடிகால் மட்டும் அரசின் பொறுப்பு. பிரேசிலில் அதே 80-களில் குழாயை நடுரோட்டில் ஆழத்தில் புதைக்காமல், நடைபாதையிலும் கொல்லையிலும் ஆழமில்லாமல் சிறிய குழாயாகக் கொண்டுபோய்ச் செலவை வெகுவாகக் குறைத்தார்கள். இதற்கெல்லாம் பொறியாளர்கள் தங்கள் விதிப்புத்தகத்தைத் திருத்த வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டம்.

பாதாள சாக்கடை வராத ஊரில் செப்டிக் டேங்க்தான் கதி. நிரம்பினால் லாரி வருகிறது, அது எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை, அல்லது ஓர் ஏழைத் தொழிலாளியைக் குழிக்குள் இறக்கிக் கொல்கிறார்கள். செனகலின் டக்காரில் லாரிக்காரர்களை விரட்டாமல் பதிவு செய்து, வீட்டுக்காரர் போன் செய்தால் லாரி உரிமையாளர்கள் போட்டி போட்டு விலை சொல்லும்படி ஏற்பாடு செய்தார்கள். கொட்டுவதற்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தால் யார் ராத்திரியில் ஆற்றைத் தேடிப் போகப்போகிறார்கள்?

தாங்கள் ஒன்று செய்யலாம். தங்கள் செய்தியாளர்கள் எந்த ஊர்க் குடிநீர் வாரியத்தைப் பற்றி எழுதினாலும் நான்கு எண்களைக் கேட்டு வாங்கிப் போடட்டும்: தண்ணீர் வரும் மணி நேரம், காசு வராமல் போகும் தண்ணீரின் சதவீதம், அந்த வருடம் பத்திரம் இல்லாத வீடுகளுக்குக் கொடுத்த இணைப்புகள், சுத்திகரிப்பு நிலையத்துக்கு உண்மையாக வந்துசேர்ந்த கழிவுநீர் லாரிகள். கடைசி எண் வாரியத்திடம் இல்லை என்று பதில் வந்தால், அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்