சிட்டிகை அரிசிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மதியம் நிலச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. மகள் பெயரில். முன்பெல்லாம் பச்சை அட்டை போட்ட புத்தகமாகத் தருவார்கள், இப்போது ஒற்றைத் தாள்தான். அதை மடிக்கவும் பயம், மேசைமேல் விடவும் பயம். கடைசியில் அலமாரியில், காலமான என் கணவருடைய கைலிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். கெடு முடிய இன்னும் பதினொரு நாள் பாக்கி இருந்தது.

நடந்ததை உங்களில் பாதிப் பேர் கூடவே இருந்து பார்த்தீர்கள். மீதிப் பேர் போனில் என் அழுகையைக் கேட்டீர்கள். அதை மறுபடி எழுத என்னால் ஆகாது. ஆனால் நாகூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் "என்ன கெடு, யார் வைத்த கெடு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, முழு உரிமையோடு நிலம் வைத்துக்கொள்வது அந்த நாட்டுக் குடிமக்களால் மட்டும்தான் முடியும். என்னைப்போல் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவளுக்கு வாரிசு வழியில் நிலம் வந்தால் ஓராண்டுக்குள் கைமாற்றிவிட வேண்டும். தவறினால் நிலம் அரசுக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருஷம் அதே வயலில் நாற்று நட்டவளாக இருந்தாலும் சரிதான். மகள் இந்தோனேசியக் குடிமகள் என்பதால் தப்பித்தோம்.

வயல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கால் ஹெக்டேர்கூடத் தேறாது. அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு இங்கே 'பெத்தானி குரெம்' என்று பெயர். பெத்தானி விவசாயி, குரெம் கோழிப்பேன். மத்திய ஜாவாவின் கிளாத்தென் மாவட்டத்தில் எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லோரும் கோழிப்பேன்கள்தான். அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன். முதலில் சிம்பாவுக்கு.

சிம்பா என்றால் ஜாவா மொழியில் பாட்டி, தாத்தாவுக்கும் அதே சொல்தான். நான் சொல்வது எதிர்வீட்டுப் பாட்டியை. அவருக்கு நிலம் கிடையாது. அறுவடைக்கு ஆள் கூப்பிட்டால் போவார். கூலியாக நெல்லில் ஒரு பங்கு கிடைக்கும், அதற்குப் பாவொன் என்று பேர். எல்லோரும் அறுத்துவிட்டுப் போன பிறகு வயலில் கிடக்கும் உதிரிக் கதிரையும் பொறுக்கி வருவார். அந்த நெல்லைக் குத்தினால் பாதி நொய்யாகத்தான் போகும்.

இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குவளை தொங்கும். சில வீட்டில் மூங்கில் கணு, சில வீட்டில் பழைய பால் டின். இரவு படுக்கப் போகுமுன் அதில் ஒரு சிட்டிகை அரிசி போட வேண்டும். இதுதான் ஜிம்பித்தான். நம் பக்கத்துப் பிடியரிசி மாதிரி, ஆனால் அது கைப்பிடி, இது விரல்நுனியால் கிள்ளி எடுப்பது. நள்ளிரவில் ரொண்டா வரும் ஆண்கள் (நம் ரோந்துதான்) வீடு வீடாகக் குவளையைப் பைக்குள் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். சேர்ந்த அரிசியை விற்றுத் தெருவிளக்குக்கும், நோயாளிகளைப் பார்க்கப் போகவும், சாவு வீட்டுக்கும் செலவழிப்பார்கள். பல ஊர்களில் இப்போது அரிசிக்குப் பதில் 500 ரூபியா நாணயம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் இன்னும் அரிசிதான்.

யோக்யகர்த்தா மருத்துவமனையில் நாங்கள் கிடந்த முப்பத்தெட்டு இரவும் வீடு பூட்டியே இருந்தது. மகளும் என்னோடுதான் இருந்தாள். அந்த நேரத்தில் குவளை யாருக்கு நினைவிருக்கும்? எல்லாம் முடிந்து ஊர் திரும்பி, இறந்தவருக்காக ஏழு இரவு ஓதும் தஹ்லீலும் ஓதி முடித்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டு கூட்டம் கலைந்த பிறகு, பழக்கதோஷத்தில் ஒரு சிட்டிகை அரிசியோடு வாசலுக்குப் போனேன். குவளையில் ஏற்கெனவே அரிசி கிடந்தது.

உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். நொய். நடுவே ஒரு உமி. எங்கள் வீட்டில் நொய் புழங்குவதில்லை. சாப்பாட்டுக்கென்று வயலில் ஒரு ஓரத்தில் என் கணவர் ரோஜோலெலே நெல் போடுவார், அந்த அரிசி முழு மணியாக, வாசமாக இருக்கும். இது யார் வீட்டு அரிசி என்று புரியாமல் ரொண்டா பையன்கள் வரும்வரை அங்கேயே நின்றேன். அவர்களைக் கேட்டால், இந்தக் குவளை ஒரு நாள்கூடக் காலியாக இருந்ததில்லை என்கிறார்கள். தினமும் நொய்தானாம். நாங்கள் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறோம் என்று நினைத்தார்களாம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் வயதான பெண்கள் ஜிம்பித்தான் போட வேண்டியதில்லை என்று தெருக் கூட்டத்தில் எப்போதோ பேசி முடித்திருக்கிறார்கள். சிம்பா வீட்டு வாசலில் குவளையே கிடையாது.

மறுநாள் காலை போய்க் கேட்டேன். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். குவளை காலியாக இருந்தால் வீடு சுவுங் ஆகிவிடும் என்றார். சுவுங் என்றால் ஆளில்லாமல் வெறிச்சோடியது. அப்படிப்பட்ட வீட்டில் வேறு ஏதாவது வந்து குடியேறும் என்று இங்கே நம்புவார்கள். அவர் பேயைச் சொன்னாரா ஆளைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் கோழியை விரட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இந்த ஒரு வருஷத்தில் எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சட்டத்தின் கண்ணில் இந்த ஊரில் ஓரடி நிலம்கூட எனக்கு ஆகாது. தெருக் கணக்கில் மட்டும் ஒரு இரவும் விடாமல் நாங்கள் குடியிருந்திருக்கிறோம், சிம்பாவின் நொய்யரிசிப் புண்ணியத்தில்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். வயல் என் மாமனார் பெயரிலேயே, கிராமத்தின் பழைய 'லெத்தர் சே' பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பொடிப்பொடியாக உதிரும் அந்தப் பக்கங்களை மூன்று மாலை உட்கார்ந்து புரட்டிக் கண்டுபிடித்தார் கிராமச் செயலாளர். அளக்க வந்த அன்று நான்கு பக்கத்து வயல்காரர்களும் வேலையை விட்டு வரப்பில் நின்று, எல்லை இதுதான் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளிக் காட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. என் கணவருடைய அண்ணனும் தங்கைகளும் பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வாரிசுச் சான்றில் ஒப்பமிட்டார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் என்று ஒவ்வொரு முறையும் கத்தியும் பலகையுமாக வந்து என் அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்ட தெருப் பெண்கள், பணம் அனுப்பிய நாகூர் உறவுகள், தாள்களை இரவோடு இரவாக மொழிபெயர்த்துத் தந்த பினாங்குத் தோழி, எல்லோருக்கும் நன்றி. "விற்றுவிட்டு ஊருக்குப் போங்களேன்" என்று ஓர் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அவருக்கு நன்றி சொல்ல மட்டும் இன்னும் மனம் வரவில்லை.

ஊருக்கு எப்போது வருகிறாய் என்று அம்மா கேட்கிறார். இங்கே ஆயிரமாம் நாளில்தான் கபுருக்குக் கல் பதிப்பார்கள். அதுவரை நான் எங்கும் நகர்வதாக இல்லை.

அப்புறம் இந்த அறுவடை. போன சில வருஷங்களாக நிற்கும் பயிரையே வியாபாரிக்கு விற்று வந்தோம், தெபாசான் என்பார்கள். பணம் உடனே கிடைக்கும், தொல்லை கிடையாது. ஆனால் வியாபாரி தன் ஆட்களோடு வந்து அறுத்துக்கொண்டு போவான், தெருப் பெண்களுக்குப் பாவொன் கிடைக்காது. சிம்பா எங்கள் வயலில் கதிர் பொறுக்க வந்ததெல்லாம் அதனால்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. இந்த முறை வியாபாரியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நட்டம் வந்தால் வரட்டும். முதல் அரிவாள் சிம்பாவுடையது, முதல் பாவொனும் அவருக்குத்தான்.

இந்த மடலை அவர் படிக்கப்போவதில்லை. தமிழும் தெரியாது, எழுத்தும் தெரியாது. இன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜாவாவில் சொல்லலாம் என்றிருக்கிறேன். பெரியவர்களிடம் பேச வேண்டிய கிரோமோ, அந்த மரியாதை நடை, இத்தனை வருஷமாகியும் எனக்குத் தடுமாறும். நான் சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுப்பைப் பார்க்க எழுந்துபோய்விடுவார்.