கன்னிமரா தேக்கு: பெயர் கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம். கன்னிமரா தேக்கு மரத்தைப் பார்க்க பரம்பிக்குளம் காட்டுக்குப் போகும் பயணம் உறுதி. பிப்ரவரி 8, ஞாயிறு. காலை 5.30க்கு பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் வேன் நிற்கும். சேத்துமடை, டாப்ஸ்லிப் வழி.

மரத்தின் உயரம் சுமார் 40 மீட்டர். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து பேர் கை கோர்க்க வேண்டும். வெட்டப் போனபோது ரத்தம் கசிந்ததாம், அதனால் கன்னி மரமாம். கதைதான், ஆனால் முன்னால் போய் நின்றால் யாருக்கும் சிரிக்கத் தோன்றாது.

1. அடையாள அட்டை அசல் கட்டாயம்.
2. பிளாஸ்டிக் வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.
3. காட்டுக்குள் வனத்துறை வண்டிதான். சொந்தக் காரில் வருகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.
4. பளிச் நிறச் சட்டை, ஸ்பீக்கர் வேண்டாம். (யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்!)
5. அப்புறம், பட்டையில் பெயர் கீறும் வேலை கூடவே கூடாது.

வருகிறவர்கள் புதன் இரவு 9க்குள் பெயர், எத்தனை பேர் என்று இங்கேயே போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.