பில் இல்லாத பழைய சைலன்சரை ஏன் மாட்டித் தருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன மாதத்திலிருந்து நம் கேரேஜ் வாசலில் ஓர் அட்டை தொங்குகிறது. 'பில் இல்லாத பழைய சைலன்சர், ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) மாட்டித் தரப்படாது.' அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பதினைந்து வருஷமாக நம்மிடம் வரும் அண்ணாச்சி ஒருவர், "என்ன தம்பி, பெரிய கம்பெனி ஆயிட்டீங்களோ?" என்று கேட்டார். காரணம் சைலன்சர் திருட்டு. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்ன விவரத்தை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

சயான் கோலிவாடாவிலும் தாராவியிலும் இருந்து நம்மிடம் வரும் வண்டிகளில் பாதி மாருதி ஈக்கோ வேன். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள், சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள், விடியுமுன்னே இட்லி அண்டாவோடு கிளம்புகிறவர்கள். மே மாதம் ஸ்கூல் லீவு விட்டதும் வேனுக்கு உறை போட்டு ரோட்டோரம் நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு ஊருக்கு ரயில் ஏறிவிடுவோம். திரும்பி வர ஜூன் ஆகிவிடும்.

அப்படி ஊருக்குப் போய் வந்த ஒருவர் ஸ்கூல் திறக்கும் அன்று காலையில் சாவியைத் திருப்பியிருக்கிறார். சத்தத்தில் அவர் குடியிருக்கும் சால், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பு, முழுக்க எழுந்து வெளியே வந்துவிட்டதாம். நான் போய் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் பைப் பாதி வழியில் நின்றிருந்தது, சைலன்சரைக் காணோம். அதன் வாயில் இருந்த போல்ட்டுகளில் துரு கரைக்கும் எண்ணெய் இன்னும் ஈரமாக மினுங்கியது. சென்சார் ஒயர் கட்டரால் நறுக்கியதுபோல ஒரே வெட்டாக அறுந்து தொங்கியது. கழற்றிய நட்டுகள் டயர் ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன, ஏதோ நாளைக்கு வந்து திரும்ப மாட்டப்போகிறவன் மாதிரி. அவர் போட்டிருந்த உறையோ தரையைத் தொடும் அளவுக்கு நீளம். அதற்குள் ஒருவன் டார்ச் அடித்துக்கொண்டு படுத்திருந்தாலும் ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. வெயிலுக்குப் போட்ட உறை திருடனுக்குக் கூடாரமாகிவிட்டது. உறை போடுகிறவர்கள் தயவுசெய்து கீழே ஓரடி விட்டுக் கட்டுங்கள்.

திருடனுக்கு வேண்டியது சைலன்சரின் தகரம் இல்லை, அதோடு சேர்ந்து வரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி துளை துளையாக ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு போன்ற விஷப்புகையை அந்தப் பூச்சுதான் மாற்றுகிறது. ஒரு வண்டியில் இருப்பது சில கிராம்தான். ஆனால் 2021-இல் ரோடியம் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம், 25,000 டாலரைத் தாண்டிப் போனது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து கன்வெர்ட்டரின் வேலையும் கூடியது. பீங்கானை உடைத்துத் தூளாக்கி விற்கிறார்கள். அந்தத் தூளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வெறும் 'மிட்டி', மண்ணாம். ஈக்கோவுக்கு அடிப்பாகம் உயரம், ஜாக்கி கூட வேண்டாம், ஸ்பேனரோடு நுழைந்தால் போதும். வண்டியின் நல்ல குணமே அதற்கு எதிரியாகிவிட்டது.

இதில் இன்னொரு வித்தையும் உண்டு. பாகத்தை மொத்தமாகக் கழற்றாமல், உள்ளே இருக்கும் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்ப மாட்டிவிடுவது. அல்லது வேறொரு பழையதைப் பொருத்திவிடுவது. சொந்தக்காரருக்கு உடனே தெரியாது. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும், பியூசி என்கிற புகைச் சான்று எடுக்கப் போகும்போது புகை தேறாது. ராத்திரி ரோட்டில் படுத்துச் செய்கிற வேலை இல்லை இது. வண்டியை நிதானமாக வைத்துக்கொண்டு செய்வது, அதாவது எங்கள் தொழிலில் இருக்கிறவன் செய்வது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம். அதனால் எந்தக் கேரேஜில் வண்டி விட்டாலும், நம் கேரேஜ் உட்பட, விடுவதற்கு முன் கன்வெர்ட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வண்டி ஆறியபின் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலி டப்பா மாதிரி ஒலித்தாலோ, உள்ளே கலகலவென்று ஆடினாலோ கேள்வி கேளுங்கள்.

இனி அட்டைக்கு வருகிறேன். சைலன்சர் போனவர் புதியதின் விலையைக் கேட்டதும் தலையில் கை வைக்கிறார். அடுத்த நாள் யாரோ பாதி விலைக்கு ஒன்றைக் கொண்டுவந்து தருகிறான், பில் கிடையாது. அது எங்கிருந்து வந்திருக்கும்? போன வாரம் அடுத்த தெருவில் அலறிய வேனிலிருந்தே வந்திருக்கலாம். அதை நான் மாட்டினால் உங்கள் வண்டிக்கு அடுத்த முறை வரப்போகிறவனுக்கு நானே கூலி கொடுத்த மாதிரி. சட்டமும் சும்மா இருக்காது. 2024 ஜூலை 1-இலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ, மூன்று வருஷம் வரை சிறை. பாதி விலையும் பில் இல்லாததும் போதாதா, நம்பக் காரணத்துக்கு? பழைய பாகமே கூடாது என்று சொல்லவில்லை. விபத்தில் உடைந்த வண்டியிலிருந்து முறையாகப் பிரித்து, கடைக்காரர் பில் போட்டுக் கொடுத்தால் கண்ணாடி, கதவு, பம்பர் எல்லாம் சந்தோஷமாக மாட்டித் தருகிறேன்.

அப்புறம், நாங்கள் என்ன செய்கிறோம். சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு ஈக்கோவிலும் கன்வெர்ட்டர் ஓட்டின் மேல் வண்டி எண்ணைப் பொறித்துத் தருகிறோம், காசு இல்லை. பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிப்பதில்லை, அடித்தால் உள்ளே பீங்கான் விரிசல் விடும். எலக்ட்ரிக் பேனாவால்தான் பொறிக்கிறோம். எண் பொறித்ததை விற்பது கஷ்டம், பிடிபட்டால் யாருடையது என்றும் தெரியும். கேட்பவர்களுக்கு இரும்புக் கம்பிக் கூண்டும் போடுகிறோம். இறுக்கி முடித்ததும் தலை முறிந்துபோகிற போல்ட்டில் கூண்டு நிற்கும். கழற்ற வேண்டுமானால் கிரைண்டர்தான். கிரைண்டர் வைத்து அறுத்தாலும் கழன்றுவிடும், மறைக்க மாட்டேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தோடு வேலை பார்க்க எவனும் விரும்ப மாட்டான். சிலர் நட்டையே வெல்டிங் வைக்கச் சொல்கிறார்கள். அது பின்னால் எங்களுக்கும் உங்களுக்கும் தலைவலி. பெட்ரோல் பைப் பக்கத்தில், பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைக்கும் இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள்.

எர்டிகா, இன்னோவா வைத்திருப்பவர்கள், உங்கள் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறது. அதற்கும், அலாய் வீலுக்கும் பூட்டு நட்டு கிடைக்கும். அதன் சாவியை டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் திருட்டுக்குக் காசு வராது. முழு பாலிசியிலும், வண்டி ஐந்து வருஷம் தாண்டி பத்து வருஷத்துக்குள் இருந்தால் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்திருந்தால் ஒழிய. கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸும் போகும். மஞ்சள் போர்டு வண்டிக்கு இன்னொரு சிக்கல். மியூசிக் சிஸ்டம் மாதிரி துணைப் பொருள் தனியாகத் திருடு போனால் சாதாரண பாலிசியில் கிடைக்காது, வண்டியே சேர்ந்து போயிருக்க வேண்டும். எதற்கும் எஃப்ஐஆர் வேண்டும். ஆன்லைனில் புகார் கொடுத்தவர்கள் மூன்று நாளுக்குள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுக்கும் முன் வண்டியை நகர்த்தாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள்.

எண் பொறிக்க அரை மணி நேரம், கூண்டுக்கு அரை நாள் பிடிக்கும். வண்டி சூடாக இருந்தால் கை வைக்க முடியாது, அதனால் காலை டிரிப் முடித்ததும் நேரே வராமல் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வாருங்கள். மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் ஏப்ரலுக்குள் வந்துவிட்டால் நல்லது, கடைசி வாரம் இங்கே நிற்க இடம் இருக்காது. கேள்வி கேட்ட அண்ணாச்சி வேனில் போன செவ்வாய்க்கிழமை எண் பொறித்தாயிற்று. டீக்காசு மட்டும் அவர் கணக்கில் பாக்கி.

அன்புடன்,
உங்கள் கேரேஜ்காரர்
சயான் கோலிவாடா, மும்பை