விசிறி சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லதென்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர் உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டிலேயே முதல் கணினியைப் பூட்டிக்கொள்கிறார்கள். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கடை கடையாக விலை விசாரிப்பவர்கள், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வருகிறார்கள். பல கடைகளில் நடக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். பச்சைக் கம்பியையும் கருப்புக் கம்பியையும் துண்டு வயரால் இணைப்பார்கள், விசிறி சுற்றும், பெட்டியை மூடிவிடுவார்கள். அந்த விசிறி 10 வோல்ட் வந்தாலும் சுற்றும். குறைந்த சுமையில் விசிறியை நிறுத்தி வைக்கும் புதிய மாடல்களிலோ நல்ல எஸ்எம்பிஎஸ்கூடச் சுற்றாது. அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் முறையான சோதனை பத்து நிமிட வேலை. கேபினெட்டில் பூட்டுவதற்கு முன், மேசைமேல் வைத்தே செய்துவிட வேண்டும். மதர்போர்டோ புதிய டிஸ்கோ இணைந்திருக்கக் கூடாது. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மட்டும் சுமையாக மாட்டலாம். சுமையே இல்லாவிட்டால் சில பழைய வடிவமைப்புகள் ஓடாது. ஓடினாலும் அளவுகள் தப்பாக வரும்.

இப்போது எல்லா வயரும் கருப்பாகவே வருவதால் நிறத்தை நம்ப முடியாது, எண்ண வேண்டும். மதர்போர்டில் மாட்டும் 24 முனைக் கனெக்டரில் கொக்கி உள்ள வரிசையில் ஒரு துளை காலியாக இருக்கும். அதன் ஒரு பக்கம் நான்கு முனைகள், மறுபக்கம் ஏழு. ஏழு உள்ள பக்கமாக எண்ணினால் முதல் மூன்றும் கிரவுண்டு (கருப்புக் கம்பிக்குரிய இடம்), நான்காவதுதான் எஸ்எம்பிஎஸ்ஸை ஓடவைக்கும் பச்சைக்குரிய இடம், ஐந்தாவது மறுபடியும் கிரவுண்டு. காலித் துளைக்கு நேர் எதிரே, அடுத்த வரிசையில் இருப்பது சாம்பல். அதை ஒட்டி, நான்கு முனைகள் உள்ள பக்கமாக இருப்பது ஊதா.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, மின்சாரம் கொடுத்ததும் முதலில் ஊதாவைப் பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். கணினி அணைந்திருக்கும்போதும் வரும் இந்தக் காத்திருப்பு மின்சாரம் இல்லையென்றால் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. பிறகு சுவிட்சை அணைத்து, பவர் கார்டையும் உருவிவிட்டு, நான்காவது ஐந்தாவது முனைகளை வயர்த் துண்டால் இணைத்து, மறுபடி மின்சாரம் கொடுங்கள். மஞ்சள் (12 வோல்ட்) 11.40 முதல் 12.60 வரை, சிவப்பு (5 வோல்ட்) 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு (3.3 வோல்ட்) 3.14 முதல் 3.47 வரை, நீலம் (மைனஸ் 12 வோல்ட்) மைனஸ் 10.8 முதல் மைனஸ் 13.2 வரை இருக்க வேண்டும். மின்சாரம் சரியாக வருகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் சாம்பலில் ஏறக்குறைய 5 வோல்ட் வர வேண்டும்; அது வராவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் மதர்போர்டு கிளம்பாது. எல்லா அளவும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டினால் முதலில் மீட்டரின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பேட்டரி இறங்கிய மீட்டர் கூட்டிக் காட்டும்.

இதுவும் பாதிச் சோதனைதான். கணினியைப் பூட்டி முடித்ததும், கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை வைக்கும் கேம் ஒன்றை ஓடவிட்டு, சும்மா இருக்கும் மோலெக்ஸ் (நான்கு முனை) கனெக்டரின் மஞ்சளை மறுபடி அளக்க வேண்டும். சுமையில்லாதபோது 12.1 காட்டிய எஸ்எம்பிஎஸ் இப்போது 11.4-க்குக் கீழே இறங்கினால் வாங்கிய இடத்திலேயே மாற்றிவிடுங்கள். வோல்ட்டேஜில் நொடிக்குள் வரும் ஏற்ற இறக்கத்தை (ரிப்பிள்) மல்டிமீட்டரால் பார்க்க முடியாது. அதற்கு அதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். வாங்கும்போதே லேபிளில் 12 வோல்ட் லைனின் ஆம்பியரைப் படிப்பதும் அவசியம். பெட்டியில் 450 வாட் என்று அச்சிட்டு, உள்ளே 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தால், பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் நம்பியிருக்கும் அந்த லைனில் கிடைப்பது 192 வாட் மட்டுமே.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்ந்த பாகங்களையும் கெடுக்கும் தவறுகள் சில உண்டு. பின்பக்கம் 115/230 என்ற சிவப்புச் சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்க வேண்டும். 115-இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் வெடிச் சத்தத்தோடு போய்விடும். கழற்றி மாட்டும் வயர்கள் உள்ள மாடல்களில் ஒரு கம்பெனியின் வயரை இன்னொன்றில் மாட்டவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனை வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சமயத்தில் மாடலுக்கு மாடல் வேறுபடும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் ஏறி, டிஸ்க் நொடியில் எரியும். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்றால் எர்த் இல்லை என்று பொருள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகும் வழக்கத்தை விட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கணினிக் கடைக்காரர்களிடம் எங்கள் வேண்டுகோள்: வாங்குபவர் கண்ணெதிரே மல்டிமீட்டர் வைத்து ஊதா, மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, சாம்பல் ஆகிய ஐந்து அளவுகளையும் பார்த்து, பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் வாசகர்கள்,
மதுரை