விமானக் கொட்டகையில் கிடந்த நாடகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹாலி ஃப்ளானகனைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் ஒரு முழுக் கட்டுரை வர வேண்டும். அமெரிக்காவின் பொருளாதாரப் பெருமந்தத்தில், வேலையிழந்த நாடகக்காரர்களுக்கு அரசுச் செலவில் மேடை கொடுத்த கூட்டாட்சி நாடகத் திட்டத்தை 1935 முதல் நடத்தியவர் அவர். 1938இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, அவர் கட்டுரையில் வந்த மார்லோ ஒரு கம்யூனிஸ்டா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். 1593இல் இறந்த நாடகாசிரியர் மார்லோ! அடுத்த ஆண்டே நிதியை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் நாடகப் பிரதிகள், சுவரொட்டிகள், உடை வரைபடங்கள் எல்லாம் மேரிலாந்தில் ஒரு பழைய விமானக் கொட்டகைக்குள் அடைந்து கிடந்தன. 1974இல்தான் கண்டெடுத்தார்கள். அவர் 1969இலேயே காலமாகிவிட்டார். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. அவருடைய சொந்தக் காகிதங்களை நியூயார்க் பொது நூலகம் காத்து வருகிறது.

— நாடக ஆர்வலர், மதுரை