92 பக்கம், ஒரு பெயரும் இல்லை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீர் தந்துவிட்டுப் போன, உமது மயிலிட்டிப் புகைப்படங்களின் மாதிரிப் புத்தகம் மூன்று நாள் என் மேசையில் இருந்தது. நாலாம் நாள் காணவில்லை. தேடினால், அம்மா குசினி வாசலில் கதிரையைப் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 37ஆம் பக்கத்தில் விரலை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கிணத்தடியில நிக்கிற மனிசி ஆரடா?"

எனக்குத் தெரியாது. புத்தகத்தைப் புரட்டினேன். அதிலும் இல்லை.

படக்குறிப்பு வைத்தால் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டு எழுத்தை வாசிக்கப் போய்விடுவார், படம் தானே பேச வேண்டும் என்று எழுதியிருந்தீர். இதை நானும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தவன்தான். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும். அச்சு, தாள், கண்காட்சி என்று நீர் கேட்டவற்றுக்கு வருகிறேன். முதலில் படங்கள்.

நல்ல படங்கள். 1990இல் போரால் எழும்பிப் போன சனத்துக்கு மயிலிட்டித் துறைமுகப் பக்கத்தை இராணுவம் திரும்ப விட்டது 2017 ஜூலையில். 27 வருஷம். அதன் பிறகு நீர் நாலு வருஷம் அங்கே போய் வந்திருக்கிறீர் என்பது படங்களில் தெரிகிறது. ஆனால் கூரையில்லாத சுவரும் அதில் வேரோடிய ஆலமரமுமாகப் பதினொரு படம் வைத்திருக்கிறீர். மூன்று போதும். இரண்டு நாள் யாழ்ப்பாணம் வந்து போகிறவர்களும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். கோணாப்புலம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து கழற்றி வந்த தகரத்தைப் புது வீட்டுக் குசினிக்கு மறைப்பாக அடிக்கிற மனிதர், எல்லைக்கல்லைத் தேடிக் காலால் மண்ணைக் கிளறுகிற கிழவி, இந்தப் படங்கள் இரண்டு நாளில் கிடைக்காது. அவற்றுக்கு இடம் விடும்.

இனி பெயர் விஷயம். 2018இல் வந்த என் புத்தகம் உமக்குத் தெரியும். யாழ்ப்பாணம் பண்ணைக் கடலில் களங்கண்டி, அதாவது தடி நட்டு வலை அடைத்த மீன்பொறி, கட்டுகிறவர்களைப் பற்றியது. படங்களுக்கு அடியில் ஒன்றும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் "மீனவர், பண்ணை", "மீனவர், நாவாந்துறை" என்று ஒரு பட்டியல். அட்டைப் படத்தில் இருந்தவரிடம் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கடைசிப் பக்கம் வரை போனார். அந்தப் பட்டியலை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "தம்பி, என்ர பேர் எங்கை?" என்றார். நான் ஏதோ சொன்னேன், கலை அது இது என்று. "படம் வடிவாத்தான் கிடக்கு" என்று புத்தகத்தை என்னிடமே திருப்பி நீட்டினார். வைத்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நீட்டிய கைதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

எங்கள் ஊரில் புகைப்படப் புத்தகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர். யாழ்ப்பாணத்தில் அநேகமாக ஒவ்வொரு வீடும் ஒரு புகைப்படப் புத்தகத்தையாவது சொந்தச் செலவில் வெளியிட்டிருக்கிறது. ஒருவர் இறந்த 31ஆம் நாளில் அவர் நினைவாகக் கொடுக்கிற சின்னப் புத்தகம், எங்கள் கல்வெட்டைத்தான் சொல்கிறேன். முதல் பக்கத்தில் மாலை போட்ட படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் வம்சாவளி. சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பந்தலுக்குள் எத்தனை பேர் அதை விரித்து வைத்து, தங்கள் பெயர் வம்சாவளியில் எந்தக் கிளையில் இருக்கிறது என்று தேடுகிறார்கள் என்று பாரும். விடுபட்டுப் போன பெயருக்காகச் சொந்தத்துக்குள் பேச்சுவார்த்தை நின்ற கதைகளும் உண்டு. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் ஏற்றிச் சேர்த்து வருகிறதே, அதில் இந்த நினைவு மலர்களுக்கும் இடம் இருக்கிறது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் வைத்துத் தானே பதிப்பித்துத் தானே விற்ற ஊர் இது. சுயாதீன வெளியீடு என்கிற சொல்தான் புதுசு.

அதோடு இங்கே படம் என்பது வேறு வேலையும் செய்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரத்தில் குந்தினார்கள். அவர்கள் மடியில் வைத்திருந்தவை ஸ்ரூடியோவில் எடுத்த பாஸ்போட் படங்களும், கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகங்களும். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். பெயர் இல்லாமல் அந்தப் படத்தை ஏந்த அவர்களில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். இப்படிப் படம் பார்த்துப் பழகிய சனத்திடம் பெயரில்லாத முகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் முதலில் கேட்கப் போவது என் அம்மா கேட்ட கேள்வியைத்தான்.

ஓவியர் தா. சனாதனன் 2011இல் செய்த தோம்பு நூலை நீர் பார்த்திருப்பீர். இடம்பெயர்ந்த சனம் தங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கோடு போட்டுக் காட்டிய வரைபடங்கள். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை அதற்கு வைத்தது சும்மா இல்லை. இது ஆருடைய வீடு என்பதுதான் அந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு. உமது புத்தகமும் அந்த வகை. காணியும் ஆளும் சேர்ந்தது.

சரி, படத்துக்கு அடியில் எழுதச் சொல்லவில்லை. பக்கங்கள் வெறுமையாகவே இருக்கட்டும், அதில் நீர் சொல்வது சரி. பெயர்களைப் பின்னால் வையும். அதற்கு இடமும் தானாக வருகிறது. உமது மாதிரியில் 92 பக்கம். அச்சகத்தில் பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் ஒரு மடிப்பு. ஆறு மடிப்பு 96. 92 என்று போனால் எப்படியும் நாலு பக்கம் வெள்ளையாய் நிற்கும், அல்லது வெட்டிக் குப்பைக்குப் போகும். அந்த நாலு பக்கத்தில் சின்னச் சின்னப் படமாக எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, பக்க எண், பெயர், இடம், வருஷம். தமிழில். இங்கிலீஷும் சிங்களமும் சேர்க்க வசதி இருந்தால் சேரும்; தமிழை முதலில் வையும்.

எல்லாருடைய பெயரையும் போட முடியாது என்பதும் உண்மை. சிலர் காணி வழக்கில் நிற்கிறார்கள். சிலருக்குப் பெயர் அச்சில் வருவதே பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. அதனால் இரண்டு தரம் கேளும். படம் எடுத்தபோது கேட்ட சம்மதம் ஒன்று. மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "இந்தப் பக்கத்தில் இப்படித்தான் வரப்போகிறீர்கள்" என்று காட்டிக் கேட்பது இன்னொன்று. இரண்டாவதில் சிலர் மாட்டேன் என்பார்கள். அப்போது படத்தை எடுத்துவிடும், எவ்வளவு நல்ல படமானாலும். பெயர் மட்டும் வேண்டாம் என்றால், "பெயர் தர விரும்பவில்லை" என்று அப்படியே அச்சிடும். அதுவும் ஒரு தகவல்தான்.

அச்சுக்கு வருவோம். என் புத்தகத்தில் மூன்று பிழை விட்டேன், மூன்றையும் உமக்குத் தருகிறேன்.

கறுப்பு வெள்ளைப் படங்களை நாலு நிற மையில் அடிக்கவிட்டேன். நாலில் ஒன்று கொஞ்சம் கூடினாலும் சாம்பல் நிறம் சாயும். என் 500 பிரதியில் பாதி பச்சை, மீதி ஊதா. கடல் பச்சையாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், மனிதர் முகம் பச்சையாக இருப்பதை எப்படிப் பொறுப்பது? தனிக் கறுப்பு மையில் அடித்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் இருட்டுப் பகுதி கொஞ்சம் சோகை பிடித்த மாதிரி வரும். கறுப்போடு ஒரு சாம்பல் மையும் சேர்த்து இரண்டு மையில் அடிக்கச் சொல்லும். எங்கள் பக்கத்து அச்சகங்கள் பெரும்பாலும் அழைப்பிதழும் கல்வெட்டும் அடிப்பவை; இரண்டு மை என்றால் "ஏன் வீண் வேலை" என்பார்கள். பொறுமையாகக் கதையும். முழுப் புத்தகத்துக்கு முன்னால், வாங்கப்போகும் அதே தாளில், எட்டுப் படத்தை ஒரே தாளில் போட்டு ஒரு சோதனை அடித்துப் பாரும். கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் படத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது. தாளில் மேலிருந்து விழ வேண்டும், மையும் தாளில் கொஞ்சம் பரவும். திரையில் சரியாக இருக்கும் இருட்டு, தாளில் கரியாகிவிடும். உமது உட்புறப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு படி வெளிச்சமாக்கும்.

இரண்டாவது, கட்டு. பசை மட்டும் போட்டுக் கட்டியது ஒரு வெயில் காலம் தாங்கியது. பிறகு கச்சான் பொதி மாதிரி பிரிந்தது. நூல் தையல் கேளும். தைத்த புத்தகத்தில் இன்னொரு லாபம்: ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் இரண்டு பக்கம் ஒரே தாளாக, முழுதாக விரியும். நீர் 30, 31 இல் போட்டிருக்கிற அந்த அகலப் படத்தில் வள்ளத்தைத் தள்ளுகிற பெடியனின் முகம் சரியாகக் கட்டுக்குள் போய் மறைகிறது. அதை 24, 25க்கு மாற்றும், அல்லது 40, 41க்கு. அவை இரண்டும் மடிப்பின் நடு. முகம் தப்பும்.

மூன்றாவது, எண்ணிக்கை. 500 அடித்தேன்; 200க்கு மேல் கட்டிலுக்குக் கீழே இருந்தது, அதில் ஒரு பெட்டியைக் கறையான் வாசித்து முடித்தது. இருந்தும் 2022இல் சிலர் கேட்டார்களே என்று திருத்தி மறுபடி அடிக்க நினைத்தேன். அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப்போனது. என் மீன்காரருக்கு எங்கே தாள்? நீர் முதலில் டிஜிற்றலில் நூறு அடியும். ஒரு பிரதிக்கு விலை கூடத்தான், ஆனால் பிழை தெரிந்தால் நூறோடு போகும். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணை உமது பெயரிலேயே எடுக்கலாம், அச்சுக்கு முன் எடும்.

வெளியீட்டு விழா வேண்டாம் என்று எழுதியிருந்தீர். எனக்கும் அதில் அலுப்புத்தான். மங்கள விளக்கு, மௌன வணக்கம், ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, இவ்வளவுக்கும் நடுவில் புத்தகம் வர்ணத் தாளில் சுற்றியபடியே மேசையில் கிடக்கும். என் விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். நாலு பேர் படத்தைப் பற்றிப் பேசவில்லை, என் தகப்பனாரைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடைக்குக் கூப்பிடுகிறபோது கையில் வருகிற என்வலப்தான் பல புத்தகங்களின் அச்சுக் கூலியைக் கட்டியிருக்கிறது. எங்கள் ஊர் கண்டுபிடித்த நிதி திரட்டல் அது. நீர் விழாவை வையும், உரைகளை வெட்டும். முதற்பிரதியை அந்த எல்லைக்கல் கிழவி வாங்கட்டும். என்வலப்பை மற்றவர்கள் தரட்டும்.

கண்காட்சியைக் கொழும்பில் தொடங்க வேண்டாம். முதலில் மயிலிட்டியில், வாசிகசாலையோ கோயில் மண்டபமோ கிடைக்கிற இடத்தில். தொழிலுக்குப் போனவர்கள் கரைக்கு வந்து, மீன் விற்று, குளித்துவிட்டு வருகிற நேரமாகப் பார்த்துத் திறவும். போம் போர்ட்டில் ஒட்டினால் கடற்காற்றில் இரண்டு நாளில் அப்பளம் மாதிரி வளையும். வலைக் கயிறு கட்டி, கிளிப்பில் தொங்கவிடும். கடைசி நாளில் படத்தில் இருப்பவர் தன் படத்தைத் தானே கழற்றிக்கொண்டு போகட்டும். உமக்கும் சுமந்து திரியும் வேலை மிச்சம். புத்தகத்தை நடுவில் மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு கொப்பியும் இரண்டு பென்சிலும். நேபாளத்தில் உள்நாட்டுப் போர் 2006இல் முடிந்த பிறகு, குந்தா டிக்ஸித் தொகுத்த போர்ப் படங்கள் புத்தகமாக வந்தன, ஊர் ஊராகக் கண்காட்சியாகவும் போயின. பார்க்க வந்த சனம் எழுதி வைத்தவை பிறகு தனியாக ஒரு புத்தகமாயின. உமது கொப்பியைப் பத்திரமாக வையும்.

நகரத்துக்கு வரும்போது மண்டபம்தான் வேண்டும் என்றில்லை. இந்தியப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் 2008இல் மடிப்பு மடிப்பாக விரிகிற ஏழு சின்னப் புத்தகங்கள் வெளியிட்டார். விரித்து நிறுத்தினால் அதுவே கண்காட்சி. கொல்கத்தாவில் ஒரு நகைக்கடையின் கண்ணாடிக்குள் அவை நின்றன. எங்கள் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். தாலிக்கொடிக்குப் பக்கத்தில் மயிலிட்டிக் கிணறு, யார் கண்டது, சம்மதிப்பார்களோ என்னவோ.

அடுத்த கிழமை அச்சகத்துக்கு நானும் கூட வருகிறேன். மாதிரிப் புத்தகத்தை இப்போதைக்குத் திருப்பித் தர முடியாது, அம்மா வைத்திருக்கிறார். நீர் வருகிற வழியில் அந்த 37ஆம் பக்கத்து அக்காவைக் கண்டு பெயரைக் கேட்டு வாரும். நேற்று இரவும் கேட்டார்.

அன்புடன்,
அண்ணன்